64 யூரோ கொடுத்துக் குளிரில் உட்கார்ந்த கதை: கிறிஸ்துமஸ் சந்தை மரக்குடில் விருந்து

ஜெர்மனியில் இருப்பவர்களும் டிசம்பரில் இங்கே வரப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைக்கு நடுவில் ஒரு மரக்குடில், உள்ளே மெழுகுவர்த்தி, சிவப்புத் துணி விரித்த மேஜை, மூன்று சுற்று "பண்டிகை விருந்து" என்று இணையத்தில் படம் போட்டு, ஆளுக்கு 64 யூரோவை முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இப்போது பல ஊர்ச் சந்தைகளில் வந்துவிட்டது. 2025 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் அப்படி ஒன்றில் குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன். அந்த ஒன்றுக்கும் காரணம் சாப்பாடு இல்லை, பின்னால் சொல்கிறேன். குடிலின் பெயரைப் போடப்போவதில்லை, இதே அச்சில் வார்த்த குடில்கள் வேறு ஊர்களிலும் நிற்கின்றன, எதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதுதான் விஷயம்.

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. என் மனைவியின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. அத்தை சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்கமாட்டார்கள். பையனுக்கு ஏழு வயது, குளிரில் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டான். கிறிஸ்துமஸ் சந்தை என்பது அடிப்படையில் நின்றுகொண்டே தின்கிற இடம். உயரமான வட்ட மேஜையைச் சுற்றிக் கையுறையோடு நின்று, ஒரு கையில் சூடான கோப்பை, மறு கையில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜ், அதுதான் வழக்கம். ட்ரெஸ்டன் ஊரின் புகழ்பெற்ற ஸ்ட்ரீட்சல்மார்க்ட்கூட 1434இல் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரே ஒரு நாள் கூடிய இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியதுதான். வாங்கினார்கள், கிளம்பினார்கள். விருந்து வீட்டில் நடந்தது. சந்தைக்குள்ளேயே மேஜை போட்டு மூன்று சுற்று பரிமாறுவது புதுசாக வந்த வியாபாரம், அதற்கேற்ற அடுப்படி அந்த மரப்பெட்டிக்குள் கிடையாது. சாப்பாட்டுக் கோளாறு பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சந்தையைக் குறை சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருந்தது. நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அத்தனை விளக்கும் ஒரே இடத்தில் எரிவதைப் பார்த்து அத்தை வாயடைத்து நின்றுவிட்டார்கள். நுழைவாயிலில் பெரிய கான்கிரீட் கட்டைகள், போலீஸ். 2016இல் பெர்லினிலும் 2024இல் மாக்டபுர்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியை ஓட்டினார்களே, அதற்குப் பிறகு இதெல்லாம் சகஜம். மாமா அதைப் பற்றி ஏதும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கொடுத்த நேரம் மாலை 5 மணியிலிருந்து 6:45 வரை. 5 மணிக்குச் சரியாக வாசலில் நின்றோம். முந்தின குழு இன்னும் எழுந்திருக்கவில்லை. "ஐந்து நிமிடம்" என்றார்கள். உள்ளே விட்டபோது மணி 5:25. சரி, 25 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள் என்று பார்த்தால், அதெல்லாம் இல்லை, 6:45 என்றால் 6:45தான். கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, கடைசி அரைமணி நேரம் அப்படித்தான் போனது. ஒரு வித்தியாசம், பந்தியில் யாரும் 64 யூரோ வாங்குவதில்லை.

"சூடேற்றப்பட்ட குடில்" என்று போட்டிருந்தார்கள். கூரையில் சிவப்பாக எரிகிற இரண்டு ஹீட்டர்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்த மாமாவின் வழுக்கை சுடுகிறது, அதே மேஜையில் மறுமுனையில் இருந்த என் மனைவி கோட்டைக் கழற்றவே இல்லை. இந்த வகை ஹீட்டர் காற்றைச் சூடாக்குவதில்லை, நேரே கதிர் விழுகிற இடத்தை மட்டும்தான் சூடாக்கும், அதனால் மேஜைக்குக் கீழே கால் விறைத்துப்போகும். தரையோ பலகைக்குப் பலகை இடைவெளி விட்ட மரத்தரை. கதவு எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஒவ்வொரு தட்டு வரும்போதும் அது திறக்கும். போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கொடுத்தார்கள், அதில் முந்தைய வாரத்து வறுவல் வாசனை. நேரடி இசை என்றது ஒலிபெருக்கியில் போட்ட ஷ்லாகர் என்கிற ஜெர்மன் ஜனரஞ்சகப் பாட்டு, அதுவும் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு.

முதலில் வந்தது வரவேற்பு க்ளூவைன், விலையில் சேர்ந்தது. மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின், இந்தச் சந்தைகளின் உயிர்நாடியே அதுதான். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அது திராட்சை ஒயினிலிருந்துதான் வரவேண்டும், குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்கவேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது, பட்டையோ கிராம்போ வாசனை தரவேண்டும். எங்களுக்கு வந்ததில் சட்டமீறல் எதுவும் இருந்திருக்காது, வெதுவெதுப்பாக, தொண்டையில் ஒட்டுகிற சர்க்கரைப் பாகாக இருந்தது, அவ்வளவுதான். பெரிய கேனில் வாங்கி ஊற்றுகிற சரக்கு. ஆல்கஹால் தண்ணீருக்கு முன்பே, 78 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் கொதிக்கவிடாமல் சூடாக்கவேண்டும், அது தெரிந்த கடையில் கோப்பையைத் தொட்டால் கை சுடும், வாயில் வைத்தால் ஒயினின் புளிப்பு தெரியும். வெளியே கடைகளில் "வின்ட்ஸர்-க்ளூவைன்" என்று பலகை பார்த்தால் அங்கே குடியுங்கள், திராட்சைத் தோட்டக்காரரே தன் பழத்தில் செய்தது என்று அர்த்தம், கொஞ்சம் விலை கூட, ஆனால் அடுத்த நாள் தலை வலிக்கவில்லை. (எனக்கு வலிக்கவில்லை, மற்றவர்களுக்கு உத்தரவாதம் இல்லை.)

சூப், செஸ்ட்நட் என்கிற கொட்டையில் செய்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. ஸ்பூனால் ஆடையை விலக்கினால் அடியில் மாவுக் கஞ்சி.

அடுத்து நான் காசு கொடுத்ததற்கான உண்மையான காரணம், கூஸ் கால். கூஸ் என்பது நம்ம ஊர் வாத்தைவிடப் பெரிய, கொழுப்பு மிகுந்த பறவை. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஜெர்மன் வீடுகளில் இதுதான் ராஜா. உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ், ஆழமான பழுப்பு நிறக் குழம்பு இவற்றோடு பரிமாறுவார்கள். நல்ல இடத்தில் இரண்டு இரண்டரை மணி நேரம் மெதுவாக அடுப்பில் வேகவைத்து, கடைசியில் சூட்டை ஏற்றித் தோலை மொறுமொறுப்பாக்குவார்கள். கத்தியை வைத்தால் தோல் உடைகிற சத்தம் கேட்கவேண்டும். எங்கள் தட்டில் இருந்த தோல் ஈரமான ரப்பர். கறி மட்டும் மோசமில்லை, எலும்பிலிருந்து நன்றாகவே பிரிந்தது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. எங்கோ ஒரு கேட்டரிங் சமையலறையில் காலையில் வேகவைத்து, எஃகுத் தட்டுகளில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து ஆவியில் மறுபடி சூடாக்கி மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். கறி அதைத் தாங்கும், தோல் தாங்காது, மூடிக்குள் தேங்குகிற ஆவியில் ஊறிப்போகும். கேட்டரிங் சாப்பாடு தப்பில்லை, ஆயிரம் பேருக்குச் சமைத்தும் நன்றாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த முறைக்குத் தகுந்த பதார்த்தத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மாட்டுக்கறிக் குழம்போ கூலாஷோ போட்டிருந்தால் மறுசூட்டில் ருசி கூடியிருக்கும். கூஸ் கால் என்று எழுதினால்தான் 64 கேட்கமுடியும் என்பதால் கூஸ் கால்.

இனி அத்தையின் தட்டு. இதைத்தான் விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறோம். புக்கிங் செய்யும்போதே ஒரு பேருக்குச் சைவம், முட்டையும் வேண்டாம் என்று குறித்திருந்தேன். உறுதிப்படுத்தி மின்னஞ்சலும் வந்தது. வந்த தட்டில் எங்களுக்கு வந்த அதே உருண்டை, அதே சிவப்பு முட்டைக்கோஸ், கூஸ் காலுக்குப் பதில் காளான் குழம்பு. விலை அதே 64.

அத்தை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க, இந்தக் கோஸ்ல ஒரு மாதிரி வாசம் வருது. கறி வாசமா இருக்கு." எனக்கு உடனே உறைத்தது. சிவப்பு முட்டைக்கோஸைப் பழைய முறையில் கூஸ் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்குவார்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் நம்பிக்கையோடு சைவம்தான் என்றார், ஒவ்வாமைப் பட்டியல் கோப்பையும் கொண்டுவந்து காட்டினார். பட்டியலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. இருக்காது! ஐரோப்பாவில் உணவகங்கள் கட்டாயம் தெரிவிக்கவேண்டியது 14 ஒவ்வாமைப் பொருள்களை: கோதுமை போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, கடுகு, எள் என்று போகும். கூஸ் கொழுப்பு அதில் வராது, பன்றிக் கொழுப்பும் வராது, எலும்பு வேகவைத்த சாறும் வராது. அந்தப் பட்டியல் ஒவ்வாமைக்காரர்களுக்கானது, சைவக்காரர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. முட்டை இருக்கிறதா பால் இருக்கிறதா என்று பார்க்கலாம், அத்தோடு சரி.

உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். சமையல்காரரே வந்தார். கோஸில் கூஸ் கொழுப்பு இருக்கிறது, "கொஞ்சம்தான், வாசனைக்கு" என்றார். சூப்பில்? கோழிச்சாறாக இருக்கலாம், தூளைப் பொறுத்தது என்றார். அத்தை ஏற்கெனவே சூப் குடித்திருந்தார்கள். நான் அதை மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தேன், பையன் பக்கத்திலிருந்து பட்டென்று தமிழில் சொல்லிவிட்டான். அத்தை சத்தம் போடவில்லை, தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், அதன் பிறகு எதையும் தொடவில்லை. மாமா தன் தட்டையும் தள்ளிவைத்துவிட்டார். பண்டிகை விருந்து அங்கே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சைவம் என்று குறித்தால் மட்டும் போதாது. ஐரோப்பியச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுத்தும் வரையறையே இல்லை. ஜெர்மன் மாநில அமைச்சர்கள் 2016இல் ஒரு வரையறைக்கு ஒப்புக்கொண்டார்கள், அதிகாரிகள் சோதனைக்கு அதை வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் சந்தைக் குடிலில் பகுதிநேர வேலைக்கு வந்தவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே மின்னஞ்சலில் குறிப்பாகக் கேளுங்கள்: கோஸை எதில் வதக்குகிறீர்கள், சூப்புக்கு என்ன சாறு, குழம்பு எதிலிருந்து, இனிப்பில் ஜெலட்டின் (விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது) உண்டா. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இனிப்பு, கண்ணாடிக் கிண்ணத்தில் மசாலா பிஸ்கட் போட்ட டிரமிசு. கிரீமுக்குள் பனிக்கட்டித் துகள்கள் நறநறத்தன. பையன் மட்டும் சாப்பிட்டான். அவனுக்கான 24 யூரோ குழந்தைச் சாப்பாடு கோழி நகெட்டும் உருளை வறுவலும், அன்றைக்குச் சூடாக வந்த ஒரே தட்டு அதுதான்.

பில்லுக்கு வருவோம். முன்கூட்டிக் கட்டியது 280 யூரோ. அதில் வரவேற்புக் கோப்பை தவிர வேறு பானம் இல்லை. முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் 7.90. குழாய்த் தண்ணீர் தரமாட்டார்கள், ஜெர்மனியில் இலவசமாகத் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. கார்டு மிஷினை நீட்டும்போதே திரையில் 10, 15, 20 சதவீதம் என்று டிப்ஸ் பொத்தான்கள், "வேண்டாம்" என்பது மூலையில் பொடி எழுத்தில். இங்கே மெனுவில் போட்ட விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடவேண்டும் என்பது விதி, டிப்ஸ் முழுக்க உங்கள் விருப்பம், அந்தப் பொத்தானைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். மாமா மனசுக்குள் ஒரு ஆளுக்கான தொகையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்திருக்கிறார், வெளியே வந்ததும் "ஒரு இலைக்கு 6,000 ரூபாய்க்கு மேலயா மாப்பிள்ளை?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இதில் கோப்பை டெபாசிட் தனி நாடகம். சந்தையில் க்ளூவைன் கோப்பைக்கு டெபாசிட் வாங்குவது வழக்கம்தான், திருப்பிக் கொடுத்தால் காசு வரும், பிடித்திருந்தால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேஜையில் உட்கார்ந்து குடிக்கிற கோப்பைக்கும் ஆளுக்கு 5 யூரோ பில்லில் ஏற்றி, அதைத் திரும்ப வாங்கக் குடிலுக்கு வெளியே, சதுக்கத்தின் மறுகோடியில் இருக்கிற கவுண்டருக்குக் கோப்பைகளை நாங்களே எடுத்துப் போகவேண்டும் என்றார்கள். எச்சில் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நான் நடந்தேன்.

வரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன சமயத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 19 சதவீத வரி, கடையில் வாங்கி நின்று தின்றால் 7. 2026 ஜனவரி 1 முதல் உட்கார்ந்து சாப்பிடும் உணவுக்கும் 7 ஆகிவிட்டது, பானங்களுக்கு இல்லை. அடுத்த சீசனில் அந்த 64 இறங்குமா என்று பார்க்கிறேன். இறங்காது என்று நினைக்கிறேன்.

புகார் செய்தோமா? செய்தோம். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாமே என்று நினைக்காதீர்கள், தேதி குறித்த விருந்து, பொழுதுபோக்கு புக்கிங்குகளுக்கு அந்த உரிமை கிடையாது. உருப்படியான வழி, அங்கேயே உடனே சொல்வதுதான். சரிசெய்ய ஒரு வாய்ப்பு கொடுங்கள், முடியாவிட்டால் விலையைக் குறைக்கக் கேளுங்கள். தட்டைக் காலி செய்துவிட்டு நன்றாயில்லை என்றால் எடுபடாது. அத்தையின் தட்டு தொடாமல் இருந்ததைப் போட்டோ எடுத்தேன், சைவம் என்று உறுதிசெய்த மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்பினேன். முதல் பதிலில் "ருசி ஆளுக்கு ஆள் மாறும்" என்று எழுதி, அடுத்த சீசனுக்கு ஆளுக்கொரு க்ளூவைன் கூப்பன் கொடுத்தார்கள். ருசி அல்ல, ஆர்டர் செய்ததைத் தரவில்லை என்று திருப்பி எழுதியதும் அந்த ஒரு 64 யூரோ மட்டும் கணக்கில் வந்தது. மீதி போனது போனதுதான்.

பரிமாறிய பெண் பற்றிச் சொல்லவேண்டும். கல்லூரி மாணவி போலிருந்தார், மொத்தக் குடிலுக்கும் அவரும் இன்னொருவரும்தான். அத்தையிடம் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், எங்கிருந்தோ ஒரு ஆரஞ்சை உரித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அத்தை அதை மட்டும் சாப்பிட்டார்கள். ஐந்தில் ஒன்று என்றேனே, அது அவருக்கு.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் பசி. குடிலிலிருந்து எட்டி நடந்தால் வரும் தூரத்தில் செஸ்ட்நட் வறுக்கிற வண்டி, காகிதப் பொட்டலத்தில் கை சுடச்சுடக் கொடுத்தார். அதற்குப் பக்கத்தில் பெரிய இரும்புச் சட்டியில் காளான் வதக்குகிற கடை, எண்ணெயா வெண்ணெயா என்று கேட்டேன், எண்ணெய் டப்பாவையே தூக்கிக் காட்டினார். முட்டை இருக்குமோ என்று சாஸ் மட்டும் வேண்டாம் என்றோம். அத்தை நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். கண்ணெதிரே சமைக்கிற இடத்தில் சைவக்காரர்களுக்குக் கேள்வி பாதி குறைந்துவிடுகிறது. சர்க்கரையும் பட்டையும் போட்டு வறுத்த பாதாம் வாங்கிப் பையனும் மாமாவும் சண்டை போட்டுத் தின்றார்கள். உருளைக்கிழங்கு அடை நல்ல மணமாக இருந்தது, ஆப்பிள் கூழோடு தருவார்கள், ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், முட்டை சேர்க்காதவர்கள் கவனம். நான் சாசேஜ் கடைக்குப் போனேன். நியூரம்பெர்க் சாசேஜ் என்று போட்டிருந்தால் அது அந்த ஊரில் செய்ததாகத்தான் இருக்கவேண்டும், 2003இலிருந்து ஐரோப்பியப் பாதுகாப்பு பெற்ற பெயர். விரல் நீளம்தான், மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துக் கடுகு தடவித் தருவார்கள். நாங்கள் ஐந்து பேரும் வெளியே தின்றதற்கு ஆன செலவு உள்ளே ஒரு ஆளுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

உட்கார்ந்தே ஆகவேண்டிய பெரியவர்கள் இருந்தால் சந்தைக்குள் தேடாதீர்கள். இரண்டு தெரு தள்ளி, வருஷம் முழுக்க நடக்கிற சாதாரண காஸ்ட்ஹவுஸில் (உள்ளூர் உணவகத்தில்) மேஜை சொல்லிவையுங்கள். கூஸ் வேண்டும் என்றால் நவம்பரிலேயே சொல்லவேண்டும், பல இடங்களில் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. அங்கே அடுப்பு இருக்கிறது, ஜனவரியிலும் அதே வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது. சந்தைக்குத் திங்கள் முதல் புதன் வரை, மத்தியானம் மூன்று மணி வாக்கில் போனால் மர பெஞ்சில் இடம் கிடைக்கும், விளக்கு எரிவதையும் பார்த்துவிடலாம். வெள்ளி சனி மாலை வேண்டவே வேண்டாம். பல சந்தைகள் 23ஆம் தேதியோ 24ஆம் தேதி மத்தியானமோ மூடிவிடும், கிறிஸ்துமஸ் அன்று போய் வெறும் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். சில்லறை எடுத்துப் போங்கள், பல இடங்களில் கழிப்பறை வண்டியில் கார்டு எடுப்பதில்லை.